சத்தம் வருது, சொல்லு விளங்குதில்ல

‘கடைசி ஹோர்னில சத்தம் வருது அண்ணா, சொல்லு விளங்குதில்ல.’ சம்பூர்ப் பக்கத்தில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிற எந்தப் பெடியனும் திருவிழாக் காலத்தில் சொல்லக்கூடிய முறைப்பாடு இது. சேனையூர், கட்டைபறிச்சான், தோப்பூர், மூதூர் என்று எங்கே போனாலும் இதற்குச் செய்கிற வைத்தியமும் ஒன்றுதான்: அம்பில் வொல்யூமை இன்னும் கொஞ்சம் திருப்புவது. திருப்பினால் மேடைக்கு முன்னால் இருப்பவர் காதைப் பொத்துவார். கடைசி ஹோர்னுக்குக் கீழே நிற்பவருக்கு முன்னையை விடக் குழப்பமாகக் கேட்கும்.

தேத்தண்ணி ஒன்று சொல்லிவிட்டு ஆறுதலாக இருந்தால், இது ஏன் நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நெட்வேர்க் கேபிள் வழியாக ஒலியை அனுப்புகிற முறை இதில் எங்கே உதவும், எங்கே உதவாது, அதற்கான பெட்டிகளை எப்படி வைத்து எப்படி ஓட்டுவது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வயரை எடுப்போம். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 10 வாட் கொடுக்க ஏறக்குறைய 1.1 அம்பியர் ஓட வேண்டும். அதே 10 வாட்டை 100 வோல்ட் லைனில் அனுப்பினால் 0.1 அம்பியர் போதும். வயரில் வீணாகிற சக்தி, ஓடுகிற கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே அதே வயரில் 100 வோல்ட் லைனின் இழப்பு நூறு மடங்குக்கு மேல் குறைவு. ஊர்ச் சவுண்ட் காரர் டிரான்ஸ்போமர் வைத்த ஹோர்னை இன்றுவரை கைவிடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். நல்ல முறை. நெட்வேர்க் வந்த பிறகும் அம்பிலிருந்து ஹோர்ன் வரை அதுவே இருக்கட்டும்.

அடுத்தது இரைச்சல். மிக்ஸர் ஒரு வீட்டுக் கரண்டில், தூரத்து அம்ப் ஜெனரேட்டரில் என்று இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே நீளமான சிக்னல் வயர் போனால், இரண்டு பக்க எர்த்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த வயருக்குள் புகுந்துவிடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த உறுமல் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும்.

மூன்றாவதுதான் உண்மையான வில்லங்கம். காற்றில் ஒலி போகிற வேகம் நம் வெயிலுக்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர். 35 மீற்றரைக் கடக்க பத்தில் ஒரு செக்கன். மேடையில் ஒரு ஹோர்ன், 70 மீற்றர் தள்ளி இன்னொரு ஹோர்ன் என்று வையுங்கள். வயரில் சிக்னல் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருகிறது. தூரத்து ஹோர்னுக்குக் கீழே நிற்பவர் முதலில் தலைக்கு மேலே உள்ளதைக் கேட்கிறார். 0.2 செக்கன் கழித்து மேடை ஹோர்னின் ஒலி காற்றில் வந்து சேருகிறது. நாம் பேசும்போது செக்கனுக்கு நாலைந்து அசை சொல்கிறோம். அப்படியென்றால் இப்போது சொன்ன அசையின் மேல் முன்பு சொன்ன அசை வந்து விழுகிறது. வொல்யூமைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், குழப்பம் அப்படியே இருக்கும்.

இதற்கு ஒரே வழி, தூரத்து ஹோர்னுக்குப் போகிற சிக்னலை அந்த 0.2 செக்கன் பிந்தி அனுப்புவது. சவுண்ட் காரர் இதை டிலே என்பார்கள். டிலே போட வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதிக்கும் மிக்ஸரிலிருந்து தனித் தனிச் சிக்னல் போக வேண்டும். பழைய முறையில் நாலு பகுதி என்றால் நாலு நீள லைன், நாலு இரைச்சல். ஒரே நெட்வேர்க் கேபிளில் நாலும் நாற்பதும் போகும் என்பதால்தான் இந்தக் கதையையே எடுத்தேன்.

நெட்வேர்க் ஒலி என்றால் என்ன? மிக்ஸரிலிருந்து வருகிற மின் அலையை ஒரு சின்னப் பெட்டி செக்கனுக்கு 48,000 தடவை அளக்கிறது. ஒவ்வொரு அளவையும் 24 பிட் இலக்கமாக எழுதுகிறது. பெருக்கிப் பார்த்தால் ஒரு சனலுக்குச் செக்கனுக்கு 11,52,000 பிட். முகவரி முதலானவை சேர்த்து ஒன்றரை மெகாபிட் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு றூட்டரில் செருகுகிற அதே கேபிளில் இது போகும். மறு முனையில் இன்னொரு பெட்டி இலக்கத்தை மறுபடி மின் அலையாக்கி அம்புக்குக் கொடுக்கும். இந்த இரண்டு பெட்டியையும்தான் நெட்வேர்க் ஆடியோ இன்டர்பேஸ் என்கிறார்கள். வழியில் போவது இலக்கம் என்பதால் உறுமல் அதற்குள் புகாது. கேபிள் 90 மீற்றர் ஓடினாலும் ஒரு முழம் ஓடினாலும் ஒலி ஒன்றே.

இது நேற்று வந்த சரக்கு இல்லை. 1996இல் அமெரிக்காவின் பீக் ஓடியோ கோப்ராநெட் என்ற முறையைக் கொண்டுவந்தது. 2006இல் சிட்னியில் தொடங்கிய ஓடினேட் என்ற நிறுவனத்தின் டான்டே இன்று அதிகம் புழங்குகிறது. வேறு வேறு கம்பனிப் பெட்டிகள் ஒன்றோடொன்று கதைப்பதற்காக ஏஇஎஸ்67 என்ற பொது நியமம் 2013இல் வந்தது. கீழே சொல்லப்போகிற செய்முறை டான்டேயை வைத்துத்தான்.

அதற்கு முன் ஒரு பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெட்வேர்க்கில் ஒலி போகிற முறைகள் இரண்டு குடும்பம். ஒன்று டான்டே போன்றது: ஒரே வளாகத்துக்குள், மில்லிசெக்கன் கணக்கில், எல்லாப் பெட்டியும் ஒரே நேரக் கட்டுப்பாட்டில். மற்றது இன்டர்நெட்டையோ தொலைபேசி வலையையோ தாண்டிப் போகிறது. அரைச் செக்கன், ஒரு செக்கன், சில வேளை அதற்கும் மேல் பிந்தி வரும். ஆனால் கொழும்பிலிருந்து கொட்டியாரக்குடாவுக்கும் வரும்.

இந்த இரண்டாவது குடும்பத்தை நம் கடற்கரைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகில் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் கடல் நம் கிழக்குக் கரைக்கு வந்தது. சொல்ல நேரம் இருந்தது, சொல்ல வழி இருக்கவில்லை. நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்டோர் போனார்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அதன் பிறகு வந்தது. அதன் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் கரையோரங்களில் 77 முன்னெச்சரிக்கைக் கோபுரங்களை நிறுத்தியது. சைரனும் குரல் அறிவித்தலும் தூரத்திலிருந்து இயக்கும்படியான ஏற்பாடு. பொதுமக்களுக்கான ஒலிபெருக்கியை வலையமைப்பில் இணைத்ததற்கு இந்த நாட்டில் இது ஒரு பெரிய உதாரணம். உப்புக் காற்றுக்குப் பக்கத்தில் இரும்பும் இலத்திரனியலும் வைத்தால் என்ன ஆகும் என்ற பாடத்தையும் அந்தக் கோபுரங்களே தந்தன. காலப்போக்கில் பல பழுதாகிப்போயின.

இரண்டு குடும்பத்தையும் கலந்து யோசிக்காதீர்கள். ‘அண்ணா, வெளிநாட்டில இருக்கிற ஒராள் அங்கயிருந்து மைக்கில கதைக்க ஏலுமா?’ ஏலும், அது இரண்டாவது குடும்பத்து வேலை. இன்டர்நெட்டில் வருகிற குரலை ஒரு லப்டொப்பில் எடுத்து மிக்ஸரின் ஒரு சனலுக்குக் கொடுங்கள், மிக்ஸருக்குப் பிறகு டான்டே பார்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனம். பழைய தொலைபேசித் தரமான ஜி.711இல் செக்கனுக்கு 64,000 பிட்தான், 3,400 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. சில மெய்யெழுத்துகளின் தெளிவில் ஒரு பங்கு அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் போனில் ஊர்ப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜி.722 போன்ற அகலத் தரத்தில் எடுத்தால் 7,000 ஹேர்ட்ஸ் வரை கிடைக்கும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். கோயில் முன்றலோ பாடசாலை மைதானமோ, 80 மீற்றர் நீளமான ஒரு இடம் என்று வைத்துக்கொள்வோம். வேண்டியவை: வெளியேறும் ஒவ்வொரு லைனுக்கும் தனி டிலே போடக்கூடிய டிஜிட்டல் மிக்ஸர். நாலு பகுதி என்றால் இரண்டு சனல் உள்வாங்கும் பெட்டி இரண்டு. ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்திலும் ஒரு வெளிவிடும் பெட்டி. நடுவில் ஒரு நெட்வேர்க் சுவிட்ச். இந்தச் சின்னப் பெட்டிகளில் பல கேபிள் வழியாகவே மின்சாரம் எடுப்பவை. ஆகவே சுவிட்ச் பிஓஇ கொடுக்கிறதாக இருக்க வேண்டும். சாதாரண சுவிட்சில் செருகிவிட்டு ‘பெட்டி செத்துப்போச்சு’ என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு.

மைக்கை நேரே உள்வாங்கும் பெட்டியில் செருகலாமா? மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கு. பெரும்பாலான சின்னப் பெட்டிகள் லைன் மட்டத்தைத்தான் எதிர்பார்க்கும். செருகினால் ஒன்றும் உடையாது, ஒன்றும் கேட்காது. மைக், மிக்ஸர், பிறகு பெட்டி. அதுதான் வரிசை.

எல்லாவற்றையும் முதலில் ஒரே மேசையில் வைத்து இணைத்துப் பாருங்கள். தென்னை மரத்தில் ஏணி சாத்தி நிற்கும்போது பிழை தேடக்கூடாது. லப்டொப்பைக் கேபிளால் சுவிட்சில் இணைத்து, வைபையை நிறுத்திவிடுங்கள். டான்டே கொன்ட்ரோலர் என்ற மென்பொருள் இலவசம். திறந்தால் பெட்டிகள் தாமாகவே தெரியும். ஐபி முகவரி ஒன்றும் போடத் தேவையில்லை. றூட்டர் இல்லாவிட்டால் பெட்டிகள் தங்களுக்குள்ளேயே 169.254 என்று தொடங்கும் முகவரிகளை எடுத்துக்கொள்ளும். பெட்டி தெரியவில்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை லப்டொப் தவறான இணைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது பயர்வோல் மறித்திருக்கும்.

முதல் வேலை பெயர் வைப்பது. இதைப் பிறகு செய்யலாம் என்று விடாதீர்கள். இந்த முறையில் ஒரு பெட்டி இன்னொன்றைத் தேடுவது பெயரை வைத்துத்தான். இணைத்த பிறகு அனுப்பும் பெட்டியின் பெயரை மாற்றினால், வாங்கும் பெட்டி பழைய பெயரைத் தேடிக்கொண்டே சும்மா இருக்கும். பெட்டிப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு மட்டும் போகும், 31 எழுத்துக்குள். பெட்டியின் மேலே தமிழில் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள்: ‘மேடை’, ‘தேர்முட்டி’, ‘மடம்’, ‘கிணத்தடி’. இந்தப் பெயர் விசயத்தில் ஒரு நன்மையும் உண்டு. அனுப்பும் பெட்டி பழுதானால் புதுப் பெட்டிக்குப் பெட்டிப் பெயரையும் சனல் பெயரையும் பழையபடியே வைத்துச் செருகினால் போதும், மற்றவை தாமே வந்து ஒட்டிக்கொள்ளும். வாங்கும் பெட்டியை மாற்றினால் மட்டும் அதன் இணைப்பைப் புதிதாகப் போட வேண்டும். இணைப்பு பதிந்திருப்பது அதற்குள்ளேதான்.

இரண்டாவது, கடிகாரம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பளிங்குத் துண்டு அதிர்ந்து நேரம் சொல்கிறது. இரண்டு பளிங்கு ஒருநாளும் சரியாக ஒத்துப்போகாது. பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றாலே செக்கனுக்கு ஒரு அளவு கூடவோ குறையவோ வந்துவிடும், அது ‘டிக்’ என்று கேட்கும். மேளச் சமாவில் ஒருவர் தாளம் போட நாதஸ்வரமும் தவிலும் அதைப் பிடித்துப் போகிறதில்லையா, அதேபோல் இங்கே ஒரு பெட்டி தலைமைக் கடிகாரம் ஆகிறது, மற்றவை அதைப் பின்பற்றுகின்றன. யார் தலைமை என்று பெட்டிகள் தாமே தீர்மானித்துக்கொள்ளும். ஆனாலும் கடைசிவரை நிறுத்தப்படாத பெட்டி ஒன்றுக்கு, அதாவது மிக்ஸரடியில் உள்ளதற்கு, முன்னுரிமை கொடுத்துவிடுங்கள். இடையில் தலைமை மாறினால் ஒரு கணம் ஒலி அறுந்து வரக்கூடும்.

மூன்றாவதுதான் இணைப்பு. திரையில் ஒரு கட்டம். மேலே அனுப்புகிற சனல்கள், இடப் பக்கம் வாங்குகிற சனல்கள். இரண்டும் சந்திக்கிற சதுரத்தில் அழுத்தினால் பச்சைச் சரி விழும். அவ்வளவுதான். ஒரு சனலைப் பல பெட்டிகள் வாங்கலாம். ஒரு வாங்கும் சனல் ஒன்றைத்தான் வாங்கும். பச்சை விழுந்த பிறகு லப்டொப்பை மூடி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இணைப்பு பெட்டிக்குள் பதிந்துவிட்டது. கரண்ட் போய் வந்தாலும் தானே மறுபடி பிடிக்கும்.

அதே மென்பொருளில் பிந்துகை என்று ஒரு இடம் இருக்கும், வழக்கமாக 1 மில்லிசெக்கன். ‘டிலே போட வேண்டும் என்றீங்களே, இதில போட்டால் என்ன?’ போட முடியாது. அது நெட்வேர்க் நெரிசலைத் தாங்குவதற்கான இடைவெளி, 5 மில்லிசெக்கனுக்கு மேல் போகாது. 5 மில்லிசெக்கனில் ஒலி காற்றில் இரண்டு மீற்றர்கூடப் போகாது. நமக்கு வேண்டிய 200 மில்லிசெக்கனை மிக்ஸரில், அந்தப் பகுதிக்குப் போகிற லைனில் போடுங்கள். மேடையிலிருந்து தூரத்தை அடியால் அளந்து மீற்றராக்கி, 0.349ஆல் பிரித்தால் மில்லிசெக்கன் வரும். அதோடு ஒரு 10 சேர்த்துவிடுங்கள். காது முதலில் வந்த ஒலியின் பக்கமே குரல் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே சத்தம் தலைக்கு மேல் ஸ்பீக்கரிலிருந்து வந்தாலும் பேச்சாளர் மேடையில் நின்று பேசுவது போலவே இருக்கும்.

மட்டம் வைப்பதில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பழைய அம்பில் ஊசி சிவப்புக்குள் கொஞ்சம் போனாலும் சமாளிக்கும். இலக்க ஒலியில் 0 என்பது கூரை. அதற்கு மேல் அலையை வெட்டிவிடும், கேட்க முடியாத கரகரப்பு வரும். பேச்சு சராசரியாகக் கழித்தல் 18 டெசிபெலைச் சுற்றி நிற்கட்டும். மைக்கில் கத்துகிற ஆள் வந்தாலும் இடம் இருக்கும். பேச்சுக்கு 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். காற்று மைக்கில் மோதுகிற ‘புக் புக்’ அதோடு போய்விடும், ஹோர்னுக்கும் அந்தக் கீழ்ச்சுரம் பயனில்லை.

வேலை சரியா என்று பார்க்க மைக்கைத் தட்டி ‘ஹலோ, ஒன் டூ த்ரீ’ சொல்வது போதாது. அது எல்லாருக்கும் தெரிந்த சொல், விளங்காவிட்டாலும் விளங்கும். ஒருவர் முன்கூட்டிச் சொல்லாத பத்துப் பெயரை மைக்கில் வாசிக்கட்டும். மற்றவர் தூரத்து ஸ்பீக்கருக்குக் கீழே நின்று கடதாசியில் எழுதட்டும். பத்தும் சரியாக வந்தால் சரி. குறைந்தால் வொல்யூமைத் தொடாமல் டிலேயை அளந்து பாருங்கள்.

இப்போது இந்தப் பெட்டிகளை வாங்குவதற்கான உண்மையான நியாயத்துக்கு வருகிறேன். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். 80 மீற்றருக்கு அப்பால் இருப்பவருக்கு 75 டெசிபெல் வேண்டும் என்று மேடையில் ஒரே ஹோர்னை வைத்தால், அதன் வாயிலிருந்து ஒரு மீற்றரில் 113 டெசிபெல் போட வேண்டும். முன் வரிசைப் பிள்ளைகளின் கதி என்ன? முன்றலுக்கு வெளியே இன்னும் 60 மீற்றர் தள்ளி உள்ள வீட்டுக்கும் 70 டெசிபெல் போகும். அதே இடத்தில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஸ்பீக்கரிலிருந்து பத்து மீற்றருக்குள் இருக்கும்படி சிறிய ஸ்பீக்கர்களைப் பரப்பினால், ஒவ்வொன்றும் ஒரு மீற்றரில் 95 டெசிபெல் தந்தால் போதும். கடைசி ஸ்பீக்கரை எல்லையிலிருந்து பத்து மீற்றர் உள்ளே வைத்தால் அது அந்த வீட்டில் 58 டெசிபெல்தான். மற்றவை சேர்ந்தாலும் கொஞ்சந்தான் கூடும். முகத்தை உள்ளே திருப்பிவிட்டால் இன்னும் குறையும். கேட்க வந்தவருக்கு அதே 75. தூங்குகிறவருக்கு நித்திரை.

2007 நவம்பரில் நம் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகள் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. வெலிகம பள்ளிவாசல் ஒன்றைப் பற்றி வந்த வழக்கு, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா காலத்தில். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் கொடுக்கிற அனுமதி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவாகக் கொடுக்கப்படக்கூடாது, பகலில் கொடுத்தாலும் ஒலி அந்த வளாகத்துக்கு வெளியே போகாதபடி நிபந்தனை வேண்டும் என்பது அதன் சாரம். கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், அரசியல் கூட்டம் என்று எல்லாருக்கும் பொருந்தும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து இருக்கிற மூதூர்ப் பிரதேசத்தில், பரப்பி வைத்துக் கட்டுப்படுத்துகிற இந்த முறை அயலோடு ஒத்துப்போக ஒரு வழி. ஒரு பகுதியை மட்டும் நிறுத்தவும் குறைக்கவும் மிக்ஸரில் ஒரு விரல் போதும். நெட்வேர்க் ஒலியின் முதல் பயன் தரம் என்று விளம்பரம் சொல்லும். என்னைக் கேட்டால், ஒலி வேண்டிய இடத்தில் தொடங்கி வேண்டாத இடத்துக்கு முன் நின்றுவிடுவதுதான் அதன் முதல் பயன்.

பழுதுகளைப் பார்ப்போம். நெட்வேர்க் ஒலியில் வருகிற பிழைகளில் பெரும்பகுதி கேபிளின் நுனியில் இருக்கிற, கண்ணாடி போல் தெரிகிற பிளாஸ்டிக் கொக்கியில்தான். எட்டு நூலும் ஒழுங்காக நுனிவரை போயிருக்க வேண்டும்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். வெளி உறை கொக்கிக்குள்ளே நுழைந்து நசிபட்டிருக்க வேண்டும். உறை வெளியே நின்று நூல் மட்டும் உள்ளே போயிருந்தால், ஒரு பிள்ளை கேபிளில் கால் தடுக்கின அன்றைக்கே கதை முடியும். பிளாஸ்டிக் நாக்கு உடைந்த கொக்கியைப் பசை நாடாவால் ஒட்டாதீர்கள், வெட்டிப் புதிது போடுங்கள். கடற்கரையில் செப்புத் தொடுகைகள் பச்சை பூக்கும். திருவிழா முடிந்து கேபிளைச் சுருட்டும்போது நுனிகளைத் துடைத்து மூடி வையுங்கள். மலிவாக வருகிற கேபிள்களில் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு அடித்தவை உண்டு. மடித்தால் முறியும், பிஓஇ மின்சாரமும் தூரத்துக்குச் சரியாகப் போகாது. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம்.

அடுத்தது சுவிட்ச். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற பச்சை வசதி ஒன்று பல சுவிட்சுகளில் இருக்கும். போக்குவரத்து இல்லாத கணத்தில் இணைப்பைத் தூங்கவைக்கும் அது கடிகாரத்தைக் குழப்பிவிடும். நிறுத்திவிடுங்கள், நிறுத்த முடியாத சுவிட்சை வாங்காதீர்கள். சிசிரிவி கமராவையும் வீட்டு இன்டர்நெட்டையும் இதே சுவிட்சில் செருகாதீர்கள். வைபையில் டான்டே ஓட்ட நினைக்காதீர்கள்.

செப்பு நெட்வேர்க் கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகாது. அதற்கு மேல் என்றால், அல்லது ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு என்றால், பைபர் போடுங்கள். தூரத்தை விட முக்கியமான காரணம் இடி. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் பக்கத்தில் பின்னேரங்களில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. இரண்டு கட்டடத்தை இணைக்கிற செப்புக் கேபிள் பக்கத்தில் விழுகிற மின்னலுக்கும் வழி. இரண்டு பக்கத்துப் பெட்டியும் ஒரே நொடியில் போகும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. 2006இல் ஊரோடு இடம்பெயர்ந்து, 2015இலிருந்து காணி விடுபட்டுத் திரும்பி வந்து, வீடும் மடமும் மதிலும் புதிதாய் எழுப்பிய ஊர் சம்பூர். இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் அத்திவாரம் வெட்டும்போதே ஒரு பிவிசி பைப்பை நிலத்தில் புதைத்து, உள்ளே ஒரு நைலோன் கயிறு விட்டு வையுங்கள். நாளைக்குப் பைபர் இழுக்கிறவர் வாழ்த்துவார்.

கரண்ட் விசயத்தில் பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. கரண்ட் போனவுடன் ஜெனரேட்டர் வரும், அம்ப் உடனே எழும்பும். ஆனால் சுவிட்ச் எழும்பிப் பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இன்னும் நேரம் எடுக்கும். அதுவரை ஊமை. சுவிட்சுக்கும் மிக்ஸருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் இந்த இடைவெளி இல்லாமல் போகும்.

அப்படியும் ஒரு நாள் எல்லாம் படுத்துவிடலாம். சுவிட்ச் ஒன்று போனால் நாலு பகுதியும் போகும், இது பழைய தனி வயர் முறையில் இல்லாத பலவீனம். ஆகவே மேடை அம்புக்கு மட்டும் மிக்ஸரிலிருந்து பழைய முறையில் ஒரு நேர் வயர் போட்டு வையுங்கள். பட்டரியில் ஓடுகிற கை மெகாபோன் ஒன்றும் மிக்ஸரடியில் இருக்கட்டும். கூட்டத்துக்குள் பிள்ளை தொலைவதும் உண்டு, கடலுக்குப் போனவர்களுக்குக் காற்று எச்சரிக்கை வருவதும் உண்டு. அவசர மைக் ஒன்றுக்கு முன்னுரிமை வைத்து, அதில் ஆள் கதைத்தால் பாட்டு தானாகத் தணியும்படி மிக்ஸரில் அமைக்கலாம். அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டி எழுதி வைத்தால் பதற்றத்தில் சொல் தேட வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

இதெல்லாம் எல்லாருக்கும் வேண்டுமா? ஒரு மைக், இரண்டு ஹோர்ன், 30 மீற்றர் வயர் என்றால் வேண்டாம். பழைய அம்பும் 100 வோல்ட் லைனும் தாராளம். மூன்று பகுதிக்கு மேல் போகும்போது, பகுதிக்குப் பகுதி டிலே வேண்டும்போது, இரண்டு கட்டடத்துக்கு ஒரே அறிவித்தல் போக வேண்டும்போது கணக்குப் பார்க்கத் தொடங்குங்கள். பெட்டியின் விலையைக் கேட்பதற்கு முன் ஊரில் இதைக் கற்றுக்கொள்ளப் போகிற இரண்டு பேர் யார் என்று முடிவுசெய்யுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் கட்டாருக்குப் போன அன்றைக்குப் பெட்டி அலுமாரிக்குப் போய்விடும். அந்த இருவரும் பெட்டிப் பெயர்கள், எந்தத் துளையில் எது, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை மில்லிசெக்கன், எது தலைமைக் கடிகாரம் என்று ஒரே தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அம்ப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டட்டும். அந்தத் தாள் இல்லாமல் எதையும் கழற்றக்கூடாது என்பதை மட்டும் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.